நகரமைப்பு படித்தவர்களுக்கு இடம் எங்கே?

புது தில்லி: தில்லியில் குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி இயங்கிய கடைகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2006-இல் முத்திரை வைக்கப்பட்டபோது வணிகர்கள் வீதிக்கு வந்து போராடினர். நாடாளுமன்றம் அவசர அவசரமாகச் சட்டம் இயற்றி ஓராண்டுக்குப் பாதுகாப்பு அளித்தது. அந்த ஓராண்டு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2023 டிசம்பர் திருத்தத்தின்படி 2026 டிசம்பர் 31-இல் வந்து நிற்கிறது. எந்தக் கூட்டணி ஆண்டாலும் நீட்டிப்பு மட்டும் தவறவில்லை.

நகரம் தன் போக்கில் வளர்ந்த பிறகு சட்டத்தால் முட்டுக்கொடுக்கிறோமே, முன்கூட்டியே திட்டமிடத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் இல்லையா?

இருக்கிறார்கள். நகர, வட்டாரத் திட்டமிடல் நமக்குப் புதிய கல்வியன்று. தில்லி திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியின் வேர், 1955-இல் தொடங்கிய நகர, ஊரகத் திட்டமிடல் பள்ளியில் இருக்கிறது. போபாலிலும் விஜயவாடாவிலும் 2008-இல் இத்தகைய கல்விக்கூடங்கள் தொடங்கப்பட்டன. அண்ணா பல்கலைக்கழகத்திலும் முதுநிலைப் படிப்பு உண்டு. இளநிலை நான்காண்டு, முதுநிலை இரண்டாண்டு. நிலப் பயன்பாடு, போக்குவரத்து, குடிநீர், மக்கள்தொகைக் கணிப்பு, நிதி, சட்டம் ஆகிய அனைத்தையும் மாணவர்கள் பயில்கின்றனர். ஓர் ஊருக்கு நேரில் சென்று கணக்கெடுத்து, அதன் ஏரி, சந்தை, சுற்றுக் கிராமங்கள் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் கொண்டுவரும் களப்பயிற்சியே இப்படிப்பின் உயிர்நாடி.

இவ்வாறு பயின்று வருவோருக்கு அரசில் இடம் உண்டா? 2021 செப்டம்பரில் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை தரும் விடை கவலையளிக்கிறது. மாநில நகரமைப்புத் துறைகளில் 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை. ஒப்பளிக்கப்பட்டவையோ 4,000-க்கும் குறைவு. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி. பல மாநிலங்களில் இப்பணிக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயத் தகுதிகூட அன்று. நாட்டின் நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை என்பதில் வியப்பென்ன?

2022 நிதிநிலை அறிக்கையில், ஐந்து கல்வி நிறுவனங்கள் வரை சீர்மிகு மையங்களாக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ரூ.250 கோடி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால், வகுப்பறையைப் பெருக்கிவிட்டு வேலைக்கான கதவை அடைத்து வைத்தால், படித்தவர் தனியார் ஆலோசனை நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ செல்வதை எவ்வாறு தடுக்க முடியும்?

சிறு நகராட்சிகளுக்கு ஊதியம் தர நிதியில்லை என்பர். உண்மைதான். ஆகவேதான் மாவட்டத் திட்டக் குழுவைப் பயன்படுத்த வேண்டும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை அதற்கு அளித்துள்ளது. பட்டம் பெற்ற திட்டமிடுநர் குழு ஒன்றை அங்கு அமர்த்தினால், மாவட்டத்தின் சிற்றூர்கள் அனைத்தும் பயன்பெறும்.

பட்டத்தைக் கட்டாயத் தகுதியாக்குவதும், பணியிடங்களை உருவாக்கி நிரப்புவதும் மாநில அரசுகளின் கையில் உள்ளன. அதைச் செய்யாதவரை, நகரங்களைத் திட்டமிடுவது நிபுணர்களாக இருக்காது. நீட்டிப்பு மசோதாக்களாகவே இருக்கும்.