வாடையை எரிக்க வழி இருக்கு! ஆலைக்கு மனசுதான் இல்லை!



ராத்திரி காற்று நம்ம பக்கம் திரும்பினா என்ன வாடை வருதுன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தின்னர் வாடை, அழுகின பழ வாடை. கண்ணு எரியுது, தலை வலிக்குது. கேட்டால், "புகையே இல்லையே, பாருங்க" என்கிறார்கள் ஆலைக்காரர்கள்.

கண்ணுக்குத் தெரியாட்டி விஷம் இல்லைன்னு ஆயிடுமா? பென்சீன், டொலுயீன் ஆவிக்கு நிறமே கிடையாது. பென்சீன் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும். கடலூர் சிப்காட் ஓரத்து ஊர்மக்கள் தாங்களே வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். 22 நச்சு ரசாயனங்கள் இருப்பது 2004-ல் வெளிச்சத்துக்கு வந்தது.

இதை அழிக்க மிஷின் இருக்கு. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான பீங்கான் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம் பூசியிருக்கும். அதுதான் கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி. அழுக்குக் காற்றை 300, 400 டிகிரிக்குச் சூடாக்கி அதன் வழியே விட்டால், ரசாயன ஆவி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடும். வெறுமனே எரிக்க இதைப்போல இரண்டு மடங்கு சூடு வேணும். சரியாக ஓட்டினால் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அழியும். நேற்று வந்த சரக்கும் இல்லை. சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு இதே தத்துவத்தில் வேலை செய்யும் கருவி கட்டாயமாச்சு. கார் வைத்திருப்பவன் செலவு செய்யலாம், ஆலை முதலாளிக்கு மட்டும் கட்டாதாமா?

ஆனால் மிஷினை வைத்து ரிப்பன் வெட்டிட்டா நாம ஏமாந்துடக் கூடாது. சூடு குறைந்தால் வாடை அப்படியே வெளியே போகும். எரிபொருளை மிச்சம் பிடிக்க ராத்திரியில் அணைத்து வைத்தால் யாருக்குத் தெரியும்? கந்தகமும் தூசும் படிந்தால் கேட்டலிஸ்ட் செத்துப் போகும், உப்பு ஏறின வயல் மாதிரி. குளோரின் கலந்த ஆவி எரிந்தால் அமிலம் வரும். அதைத் தனியாகக் கழுவணும், கழுவின தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வரக் கூடாது.

அதனால் "மிஷின் வை" என்று மட்டும் கேட்டால் போதாது. 24 மணி நேரமும் எத்தனை டிகிரியில் ஓடியது என்பதை ஆலை வாசலில் எழுதிப் போடு! கேட்டலிஸ்ட்டை எப்போது சோதித்தாய், எப்போது மாற்றினாய், காட்டு! புகைபோக்கியில் ராத்திரியிலும் சோதனை எடு! இசைவு தரும்போதே இந்த நிபந்தனைகளைப் போட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 1981 காற்றுச் சட்டம் அதிகாரம் தந்திருக்கு.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமா எழுதி வாங்குவோம். வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் வாங்க. வாடை வந்த தேதி, மணி குறிச்சு வைச்ச நோட்டையும் கையோட கொண்டு வாங்க.