௱௨௰௫ எண்ணா என்று யாரைக் கேட்பது?

"நிரல் எண்ணாக ஏற்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்காவிட்டால் அது பிழைத்தரவு, நீக்கிவிடுங்கள்." அண்மையில் ஓர் ஆய்வுப் பயிலரங்கில் தரவுத் தூய்மை குறித்து வகுப்பெடுத்தவர் சொன்னது இது. மாணவர்கள் அதை அப்படியே குறித்துக்கொண்டனர். அங்கே மறுத்துப் பேச நேரம் வாய்க்கவில்லை, இங்கே மறுக்கிறேன்.

விஜயபுரத்திலிருந்து திருப்பதிக்குப் பேருந்தேறிப் படிக்கச் சென்றவன் நான். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன என்பதைத் துறையினர் அறிவர். விஜயநகரக் காலக் கொடைகளில் பணம் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்களில் இடப்பட்டது. அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து திருப்போனகம் நடந்தது. எனவே தொகையை இழந்த கொடைக் கல்வெட்டு, ஆய்வுக்குப் பாதி செத்த கல்வெட்டு.

இனி அத்தொகையைப் பைத்தானிடம் கொடுத்துப் பாருங்கள். மாறிக்கு முன்கூட்டியே வகை அறிவிக்காத மொழி அது; வந்தது எண்ணா, எழுத்துச்சரமா என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். ஆகவே எல்லோரும் சோதனை வைக்கிறார்கள். எந்தச் சோதனை? நூற்றிருபத்தைந்தை மரபுப்படி ௱௨௰௫ என்று எழுதினால், இஸ்நியூமெரிக் 'ஆம்' என்கிறது. இஸ்டிஜிட் 'இல்லை' என்கிறது, இஸ்டெசிமலும் அவ்வாறே. இன்ட் பிழை எறிகிறது. அதையே இடமதிப்பு முறையில் ௧௨௫ என்று எழுதினால் மூன்று சோதனைகளும் ஒப்புகின்றன. இன்ட் 125 தருகிறது. தட்டச்சு செய்தவர் ௧-க்குப் பதிலாகக் ககரத்தையும் ௨-க்குப் பதிலாக உகரத்தையும் இட்டிருந்தால் (கண்ணுக்கு வேறுபாடே தெரியாது) எந்தச் சோதனையும் ஒப்பாது. ஒரே தொகைக்கு மூன்று தீர்ப்புகள்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் என்று எண்ண வேண்டா. மைனஸ் 5 என்ற சரத்தை மூன்று சோதனைகளும் தள்ளிவிடும், 12.5-க்கும் அதே கதி. அடுக்காக மேலே எழுதும் சிறிய 2-ஐ இஸ்டிஜிட் ஏற்கும், இன்ட் ஏற்காது. 'எண் அன்று' எனப் பொருள்படும் நேன் என்னும் சொல்லையோ ஃப்ளோட் புன்னகையோடு ஏற்றுக்கொள்ளும்! மறுபுறம், 517501 என்ற திருப்பதி அஞ்சல் குறியீடு எல்லாச் சோதனைகளிலும் தேறும்; அதன் சராசரியைக் கண்டு என்ன செய்வது?

தீங்கு எங்கே விளைகிறது என்பதுதான் முக்கியம். இன்ட் வழியே மாற்றிப் பார்த்து, தவறினால் வெற்றிடம் இடும் நிரலைப் பலரும் எழுதுகிறோம். பாண்டாஸ் சராசரி காணும்போது அவ்வெற்றிடங்களைச் சொல்லாமலேயே தாண்டிச் செல்லும். தெலுங்கு இலக்கங்களில் இடமதிப்பு முறையில் எழுதிய 125-ஐ இன்ட் தயங்காமல் ஏற்கும். தமிழ் மரபுக் குறியீட்டில் எழுதிய 125 வெற்றிடமாகும். இப்படித் 'தூய்மை' செய்த அட்டவணையை வைத்துக்கொண்டு தமிழ்க் கொடைகளையும் தெலுங்குக் கொடைகளையும் ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு விஜயநகரத்தைப் பற்றியதா, இன்ட்டைப் பற்றியதா? உதிர்ந்தவை தற்செயலாக உதிர்ந்தவை அல்ல. ஓர் எழுத்துமுறை முழுதும் உதிர்ந்திருக்கிறது.

முயன்று பார், தவறினால் பிடி என்ற பைத்தான் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. அது நல்ல வழக்கமே. மாற்றம் தவறியதைத் தரவின் குற்றமாகப் படிப்பதையே பழிக்கிறேன். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம் என்று யூனிகோடு அட்டவணையிலேயே மதிப்பு இருக்கிறது. பைத்தானின் யூனிகோடேட்டா தொகுதி கேட்டால் சொல்லும். முன்னே நிற்கும் இலக்கத்தால் பெருக்கி, பின்னே வருவதைக் கூட்டும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதப் பிற்பகல் ஒன்று போதும். ௱௲ இலட்சம் என்பதை மறவாமல் எழுத வேண்டும், அவ்வளவே.

என் அட்டவணையில் இப்போது மூன்று பத்திகள்: கல்வெட்டு வாசகம் உள்ளபடியே, கணக்கிட்ட மதிப்பு, வாசிப்பில் ஐயம். முதற்பத்தியை எந்த நிரலும் தொடுவதில்லை. அடுத்த பயிலரங்குக்குச் செல்லும் மாணவர்கள் வகுப்பெடுப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: நீக்கிய வரிசைகள் எத்தனை, அவை எந்த எழுத்தில் இருந்தன?