அடுக்களையின் இரண்டு வாசல்கள்

பழைய தஞ்சை ஜில்லாவில் இரவு ஒன்பதரை மணிக்கு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது, 2022-ஆம் வருஷம் முதல் 2024-ஆம் வருஷம் வரையில், அவ்வளவு புத்திசாலித்தனமான காரியமாக இருக்கவில்லை. கதவு திறக்கும், ஆனால் திறந்தவருடைய முகம் மலராது. "உட்காருங்கள்" என்பார்கள், கண்கள் மட்டும் பெட்டியை விட்டு அகலமாட்டா. காப்பி வரவேண்டுமானால் விளம்பரம் வரவேண்டும். சன் டெலிவிஷனில் 'எதிர்நீச்சல்' நடந்துகொண்டிருந்த காலம் அது.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிற நாம் இந்தத் தொடர் நாடகங்களைப் பற்றியெல்லாம் எழுதலாமா என்று நண்பர் ஒருவர் மிகுந்த வருத்தத்துடன் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பகலெல்லாம் குழந்தைகள் நம் வசத்தில் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக் கூடத்தில் இன்னொரு வகுப்பு ஆரம்பமாகிறது. நம் வகுப்பில் தூங்குகிறவர்கள் அந்த வகுப்பில் தூங்குவதில்லை. வீட்டுப் பாடத்தைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கும் பையன், முந்தின இரவு யார் யாரை என்ன வார்த்தை சொல்லி ஏசினார்கள் என்பதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறான். அந்த இன்னொரு உபாத்தியாயர் என்னதான் போதிக்கிறார் என்று தெரிந்துகொள்ள நமக்குப் பாத்தியதை உண்டல்லவா?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். மதுரைச் சீமையில் ஆதி குணசேகரன் என்று ஒரு பெரிய மனிதர். சொத்து உண்டு, அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பிமார் மூவர் உண்டு. இந்த வீட்டுக்கு வாழ வருகிற பெண்கள் நன்றாகப் படித்தவர்களாக இருக்கவேண்டும் என்று தேடித் தேடிக் கொண்டு வருகிறார்கள். எதற்காக? அடுப்படியில் நிறுத்தி அடக்குவதற்காகத்தான்! ஆட்டுக்குட்டியைக் கட்டி வைத்திருக்கிறவனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? யானையைக் கட்டி வைத்தால் அல்லவா ஊர் வாயைப் பிளக்கும்? ஈசுவரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு யானைகளை அந்த வீட்டில் கட்டியிருந்தார்கள்.

இதை எழுதி இயக்கிய திருச்செல்வம்தான் 2003 முதல் 2009 வரையில் 'கோலங்கள்' என்னும் நாடகத்தை நடத்தியவர். அதில் தேவயானி ஏற்ற அபி என்னும் பெண் வெளியே போனாள், தொழில் நடத்தினாள், எதிரிகளோடு சரிக்குச் சரியாக நின்று மோதினாள். அதே ஆசிரியர் ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து எழுதிய கதையில் பெண்கள் வாசற்படியைத் தாண்டுவதற்கே நூறு நாள் போராட வேண்டியிருந்தது. காலம் பின்னோக்கிப் போய்விட்டதோ என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அபியைப் போன்ற பெண் ஆயிரத்தில் ஒருத்தி. பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, புழுங்கல் அரிசி களைந்துகொண்டிருக்கும் பெண்களோ, வெண்ணாற்றங்கரையிலிருந்து கொள்ளிடக்கரை வரையில் எந்தத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்குள் முதன்முதலாக ஒருவர் விளக்கை எடுத்துக்கொண்டு போனார். அதற்காக அவரைப் பாராட்டவே வேண்டும்.

இந்த நாடகத்தில் நாம் மிகவும் ரசித்தவை கல்யாண மண்டபச் சண்டைகள் அல்ல, அடுக்களைக் காட்சிகள். வழக்கமான தொடர்களில் ஓர்ப்படிகள் இருவர் சந்தித்தால் ஒருத்தி மற்றவளுடைய பாலில் எதையாவது கலக்கிறாள். இங்கே நால்வரும் காய் நறுக்கிக்கொண்டே ஒரு கட்சியாகச் சேர்ந்தார்கள். அதிலும் நந்தினியாக நடித்த ஹரிப்பிரியா, ஒரு கையில் கரண்டியும் வாய் நிறையக் கேலியுமாக அந்த வீட்டுப் பெரிய மனிதர்களை வாங்கு வாங்கு என்று வாங்கியது முதல் தரமான ஹாஸ்யம். அழுகைக்கு நடுவே எழும் அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் இந்தக் கதையை யாரும் இவ்வளவு நாள் தாங்கியிருக்கமாட்டார்கள். பாட்டியாக வந்த பம்பாய் ஞானம், பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவொன்றைப் பல வருஷம் நடத்தியவர். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே காட்சி நிமிர்ந்து உட்காரும்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவைப் பற்றிச் சொல்வதற்குத் தயக்கமாக இருக்கிறது. தேனிப் பக்கத்துக்காரர், இரண்டு சினிமாப் படங்களை இயக்கியவர். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலை, இதே நாடகத்துக்குக் குரல் கொடுக்கப் போயிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டுக் காலமானார். தெரிந்த ஒருவர் போய்விட்டதுபோலத் தமிழ்நாட்டு வீடுகளெல்லாம் துக்கப்பட்டன. பின்னால் அந்த வேஷத்தை ஏற்ற எழுத்தாளர் வேல ராமமூர்த்தி மிடுக்கானவர். பார்த்தால் பயமாக இருந்தது. மாரிமுத்துவைப் பார்த்தாலோ பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதுதான் அவருடைய சாமர்த்தியம். நமக்கு விசாரம் உண்டாக்கியதும் அதுவேதான்.

அவர் பெண்களைப் பார்த்து அலட்சியமாக "இந்தாம்மா" என்று கூப்பிடும் தோரணை நாடெங்கும் பரவிற்று. நமது பள்ளிக்கூட வெளியில் ஆறாம் வகுப்புப் பொடியன்கள் தங்களைவிட இரண்டு வகுப்பு மேலே படிக்கும் பெண்களை அந்தத் தோரணையில் கூப்பிட்டதை நாமே கேட்டோம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பெண்களைத் தவிர. தெருக்கூத்தில் ராஜா வருவார். அவர் எவ்வளவு பெரிய ராஜாவானாலும் பக்கத்தில் கட்டியங்காரன் நின்று கேலி பண்ணிக்கொண்டிருப்பான். ஜனங்களுக்குப் பதிலாக ராஜாவைக் கேள்வி கேட்கிற ஆள் அவன். ராஜாவே கட்டியங்காரனுடைய வேஷத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுவிட்டால், அப்புறம் சிரிப்பு யார் பக்கம் சேரும்? நந்தினியின் கேலி அடுக்களைக்குள் நின்றுவிட்டது. குணசேகரனுடைய கேலி தெருவுக்கு வந்தது.

இதற்கிடையில் விஜய் டெலிவிஷனில் 'பாக்கியலட்சுமி' என்று வேறொரு நாடகம். வங்காளி மொழியில் வந்த 'ஸ்ரீமயி'யைத் தழுவியது. 2020 ஜூலையில் தொடங்கி 2025 வரையில் நடந்தது. சுசித்ரா ஏற்ற பாக்கியம் அதிகம் படிக்காதவள். புருஷனுக்கு அவளை நாலு பேர் முன்னால் அழைத்துப் போக வெட்கம். ஆகவே அந்த மகானுபாவர் பழைய சிநேகிதியைத் தேடிப் போகிறார். பாக்கியமோ தனக்குத் தெரிந்த ஒரே வித்தையான சமையலை வைத்துச் சம்பாதிக்கத் தொடங்கி, உணவு விடுதி வைக்கும் அளவுக்கு உயர்ந்துவிடுகிறாள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு நாடகமும் ஒரே அடுக்களையில்தான் நடக்கின்றன. ஒன்றில் படித்த பெண்ணை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். மற்றதில் படிக்காத பெண் அதே அடுக்களையின் கொல்லை வாசல் வழியாக வெளியேறி வெற்றியடைகிறாள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல கதைகள்தாம். ஆனால் இரண்டையும் தினந்தோறும் பார்க்கிற ஒரு தாயாரின் மனத்தில் என்ன கணக்கு ஏறும்?

ஏறிய கணக்கை நாமே பார்த்தோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஒரு பெண்ணின் மாற்றுச் சான்றிதழை வாங்க அவள் தாயார் வந்திருந்தார், நடவுக்குப் போகிறவர். மேலே படிக்க வைக்கப் போகிறீர்களா என்று கேட்டோம். "படிச்சு என்ன ஆகப்போகுது சார்? அந்த நாடகத்துல பாருங்க, நாலு பேரும் படிச்சவங்கதான், அடுப்படியிலதான் நிக்கிறாங்க. பாக்கியம் படிக்கவா செஞ்சிச்சு?" என்றார். நாம் எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். படித்தவர்களாக இருந்ததனால்தான் அந்த நால்வருக்கும் அது சிறை என்று தெரிந்தது. தெரிந்ததனால்தான் கதையே நடக்கிறது என்றோம். அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பெண் இப்போது கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அதற்குக் காரணம் நமது வாதத் திறமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாதம் ஆயிரம் ரூபாய்தான் காரணம்!

அரசாங்கப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது. 'புதுமைப் பெண்' என்று பேர் சொல்கிறார்கள். திட்டத்தின் முழுப் பெயரில் இருப்பவரோ நமது மாயவரத்துப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1883-இல் பிறந்தவர், தேவதாசி முறையை ஒழிப்பதற்காக ஊர் ஊராய்ப் போய்ப் போராடியவர், 1936-இல் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதியவர். அம்மையாரின் பேரால் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பும் ஏற்பாடும், கல்லூரிப் பெண்ணை அடுப்படிக்கு அனுப்பும் நாடகமும் ஒரே வருஷத்தில் ஆரம்பமானதைச் சரித்திர ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்தப் பெண்களை ஏன் சீக்கிரமாக வெளியே விடவில்லை? கதாசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சென்னையில் டெலிவிஷன் நிலையம் ஏற்பட்டது 1975 ஆகஸ்டு 15-இல். அந்தத் தூர்தர்சன் காலத்தில் நாடகம் என்றால் பதின்மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு நாள் என்பது சாதாரண அளவு. முடிவைத் தெரிந்துகொண்டுதான் ஆரம்பிப்பார்கள். இப்போதோ வாரத்துக்கு ஆறு நாள். வீடுகளில் மீட்டர் பொருத்தி, எந்த நாடகத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாரந்தோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். கணக்கு ஏறினால் விளம்பரம் வரும். குணசேகரனால் கணக்கு ஏறுகிறது; ஆகையால் குணசேகரன் தோற்கக் கூடாது. குணசேகரன் தோற்காதவரையில் ஜனனிக்கு விடுதலை இல்லை. சோப்பு வியாபாரத்துக்கும் பெண் விடுதலைக்கும் இவ்வளவு நெருங்கிய சம்பந்தம் இருப்பதை எந்தப் பாட புத்தகத்திலும் நாம் படித்ததில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியத்தருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, பல கிராமங்களில் வாரக் கணக்காக மின்சாரம் இல்லை. விளக்கு வந்ததும் அங்கிருந்த நமது உறவுக்காரப் பாட்டி ஒருவர் பயந்துகொண்டே பெட்டியைப் போட்டாராம், கதை எங்கேயோ போயிருக்குமே என்று. போகவில்லை. அதே மாடிப் படியில் அதே இருவர் முறைத்துக்கொண்டு நின்றார்களாம்.

கணக்கு இறங்கும் பயம் வந்தால் நல்ல கலைஞர்களும் நிதானம் இழந்துவிடுகிறார்கள். 2002 முதல் 2005 வரையில் வந்த 'மெட்டி ஒலி'யில், தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் தகப்பனாரின் கதையைத் திருமுருகன் எவ்வளவு அடக்கமாகச் சொன்னார்! அங்கே யாரும் விஷம் வைக்கவில்லை. சீர் குறைந்தது, சொல் தடித்தது, மாமியார் முகம் சுளித்தது: இவ்வளவுதான் சம்பவங்கள். டெல்லி குமார் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டால் பார்க்கிறவர்களும் துடைத்துக்கொண்டார்கள். 2020-இல் ஊரடங்கின்போது படப்பிடிப்பெல்லாம் நின்று, அதை மறுபடியும் காட்டினார்கள். புது நாடகங்களைவிட அதுவே புதிதாக இருந்தது. அதே திருமுருகனுடைய 'கல்யாண வீடு' நாடகத்தில், பெண்கள் மீது பலாத்காரம் நிகழ்த்தத் தூண்டும் காட்சிகளுக்காக 2019-இல், டெலிவிஷன் ஸ்தாபனங்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட புகார் விசாரணைச் சபை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மன்னிப்பு வாசகமும் போடச் சொல்லிற்று.

முடிவு இருந்தால் நாடகத்துக்கு எவ்வளவு பலம் என்பதைத் தெரிந்துகொள்ள வெகு தூரம் போகவேண்டியதில்லை. தஞ்சைக்குப் பக்கத்தில் மெலட்டூரில் வருஷந்தோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. முதலில் கோணங்கி வந்து ஆடிவிட்டுப் போவான். பிறகு பிரஹ்லாத சரித்திரம். இரணியனும் குணசேகரனைப்போல வீட்டில் உள்ளவர்களை ஆட்டிப் படைக்கிற எஜமானன்தான். அவனுக்கும் கம்பீரமான நடை உண்டு, கர்ஜனை உண்டு. தெலுங்குப் பாட்டு முழுதும் புரியாத ஜனங்களும் அவனைப் பார்த்துப் பிரமித்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பொழுது விடிவதற்குள் அவனுடைய கணக்கு தீர்ந்துவிடும் என்று கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும்.

'எதிர்நீச்சல்' எழுநூறு நாளுக்கு மேல் நடந்து 2024 ஜூனில் நின்றது. ஆறு மாதம் கழித்து, டிசம்பரில், 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். ஜனனியாக இருந்த மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்தார். குணசேகரன் மட்டும் பழைய நாற்காலியில் அப்படியே வந்து உட்கார்ந்தார்.

ஹாஸ்ய நாடகங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டிருக்கும் திருவாரூர் அன்பருக்கு: கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்ஸஸ் ரமணி'யை நாமும் மறக்கவில்லை. புருஷனும் பெண்சாதியும் விடிய விடியச் சண்டை போட்டும் ஒருவரை ஒருவர் அடக்க நினைக்காத அந்த வீட்டைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறோம்.