முயல் படம் போட்டால் நம்பி விடலாமா?

சென்னீர்குப்பத்தில் ஆவடி ரோட்டை ஒட்டிய ஃபேன்சி ஸ்டோர்களில் அலமாரியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மேல் தட்டில் விலை கூடிய ஃபேஸ் வாஷ். அதன் பின்பக்கம் காதைத் தூக்கிக்கொண்டு தாவும் ஒரு முயல் படம், கூடவே 'க்ரூயல்டி ஃப்ரீ' என்று இரண்டு வார்த்தை. கீழே சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட், சின்ன பவுடர் டப்பா. அவற்றில் முயலும் இல்லை, வாசகமும் இல்லை. மேலே இருப்பது விலங்குகளை வதைக்காமல் செய்தது என்றால், கீழே இருப்பது வதைத்துச் செய்ததா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். பூந்தமல்லியில் பஸ் பிடித்துக் காலேஜுக்குப் போகும் பெண்கள் (பையன்களும்தான்... ஃபேர்னஸ் க்ரீம் வாங்குவது பெண்கள் மட்டுமா என்ன? :-) ) பாக்கெட் மணியில் மிச்சம் பிடித்து, அந்த முயலுக்காகவே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். அந்த நல்ல மனசுக்கு உரிய பதில் பாட்டிலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, முதலில் அந்த முயல் ஏன்?

1944-ல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரைஸ் என்பவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். பொருளை முயலின் ஒரு கண்ணில் விட வேண்டும். மற்றொரு கண்ணோடு ஒப்பிட்டு, சிவப்பு, வீக்கம், புண் எல்லாவற்றுக்கும் நாள் கணக்கில் மதிப்பெண் போட வேண்டும். முயல் சாது. பிடிப்பது சுலபம். மனிதனை விட அதற்குக் கண்ணீர் குறைவாகச் சுரக்கும், ஆகவே உள்ளே விட்டது சீக்கிரம் கழுவிப் போகாது. அந்தப் பாவம் செய்த பிராணி செய்த ஒரே தப்பு இதுதான்.

1980-ல் நியூயார்க்கில் ஹென்றி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர் இதை எதிர்த்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ரெவ்லான் நிறுவனத்தைக் குறிப்பிட்டு முழுப்பக்க விளம்பரம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த வருடம் முடிவதற்குள் ரெவ்லான், மாற்று வழிகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. அழகுசாதனப் பாட்டிலில் முயல் ஏறிய கதையின் தொடக்கம் இதுதான்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே கதை சென்னையில் இருந்து தொடங்குகிறது என்றே சொல்லலாம். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகளை வதைப்பதற்கு எதிராக அவர் கொண்டு வந்த தனிநபர் மசோதாதான் பிற்பாடு 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி போட்டது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்த வாரியத்தின் தலைமையகம் பல வருடங்கள் சென்னையில்தான் இருந்தது. 2018-ல் ஹரியானாவுக்குப் போய் விட்டது.

ஆனால் அந்தச் சட்டமும் சோதனைக்கூடத்தின் வாசலில் நின்று விட்டது. உயிர் காக்க, நோய் தீர்க்க, உடலியல் அறிவை வளர்க்க என்று செய்யும் விலங்குப் பரிசோதனைகளை அதன் 14-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. லிப்ஸ்டிக் எந்த உயிரைக் காக்கிறது என்று கேட்டு முடிப்பதற்கு இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது.

2013 ஜூனில், அழகுசாதனங்களுக்கான இந்தியத் தர நிர்ணயத்திலிருந்து விலங்குப் பரிசோதனை நீக்கப்படும் என்று முடிவானது. 2014 மே மாதம், அழகுசாதனப் பொருளைச் சோதிக்க எவரும் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. அதே வருடம் நவம்பரில், விலங்குகள் மீது சோதித்த அழகுசாதனங்களை இறக்குமதி செய்வதற்கும் தடை வந்தது. 2020-ல் வந்த அழகுசாதன விதிகளிலும் இந்தத் தடை தொடர்கிறது. ஆசியாவில் இப்படிச் செய்ததில் இந்தியா முன்னோடி. பெருமைப்பட வேண்டிய விஷயம்.

இப்போது அந்த அலமாரியை மறுபடி நினைத்துப் பாருங்கள். மேல் தட்டு ஃபேஸ் வாஷுக்கும் கீழே தொங்கும் பாக்கெட் ஷாம்பூவுக்கும் சட்டம் ஒன்றே! இந்தியாவில் செய்த பொருளில் "நாங்கள் விலங்குகளிடம் சோதிக்கவில்லை" என்று எழுதுவது, ஷேர் ஆட்டோவில் "டிரைவருக்கு லைசென்ஸ் உண்டு" என்று போர்டு மாட்டி, அதற்காகப் பத்து ரூபாய் கூடக் கேட்பது மாதிரி. சொல்வது பொய் இல்லை. ஆனால் அது சிறப்பும் இல்லை. சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைத் தர்மம் மாதிரிக் காட்டி விற்கிறார்கள்.

"அப்படியானால் பிரச்சினை முடிந்தது, இனி எல்லாமே க்ரூயல்டி ஃப்ரீதானே?" என்று கேட்கலாம். முடியவில்லை. அந்த இரண்டு வார்த்தை சொல்லாமல் விடும் விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

எது, யார், எங்கே, எதற்காக?

முதலில், எது? 'இந்தப் பொருளை விலங்கிடம் சோதிக்கவில்லை' என்பது பாட்டிலில் உள்ள முழுப் பொருளைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்கலாம். ஒரு க்ரீமில் இருபது முப்பது ரசாயனம் கலந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் எங்கே சோதிக்கப்பட்டன என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, யார்? 'நாங்கள் சோதிப்பதில்லை' என்பதும் பல சமயம் உண்மைதான். மூலப்பொருள் விற்பவர் சோதித்திருக்கலாம், வேறொரு பரிசோதனை நிறுவனம் காசு வாங்கிச் செய்து கொடுத்திருக்கலாம். போதாததற்கு, முன்பக்கம் இருக்கும் பெயர் ஒன்று, பின்பக்கம் 'தயாரித்தவர்' என்று பொடி எழுத்தில் இருக்கும் பெயர் வேறொன்று. வாக்குறுதி கொடுப்பது யார், காரியம் செய்வது யார் என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, எங்கே? இதற்குச் சரியான உதாரணம் சீனா. இறக்குமதியாகும் அழகுசாதனங்களை விலங்குகளிடம் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று அந்த நாடு பல வருடங்கள் விதி வைத்திருந்தது. ஏவான், மேரி கே, எஸ்டீ லாடர் மூன்றும் பீட்டா அமைப்பின் 'சோதிக்காதவர்கள்' பட்டியலில் வருடக்கணக்காக இருந்தவை. சீனச் சந்தைக்காகச் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 2012-ல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நடுவில் அவற்றை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்களா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். 2021 மே மாதம் முதல் ஷாம்பூ, லிப்ஸ்டிக் போன்ற சாதாரண வகைகளுக்குச் சில நிபந்தனைகளோடு சீனா விலக்கு கொடுத்தது. தலைச்சாயம், சன்ஸ்க்ரீன் மாதிரி 'சிறப்பு' வகைகளுக்கு அன்று அந்த விலக்கு கிடைக்கவில்லை.

நான்காவது, எதற்காக? இதுதான் பலருக்கும் தெரியாதது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் மாதத்தோடு விலங்குகளிடம் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையை முழுக்கத் தடை செய்தது. உலகத்துக்கே முன்மாதிரி என்றார்கள். ஆனால் அங்கேயே ரசாயனங்களைப் பதிவு செய்வதற்கு 'ரீச்' என்று வேறொரு சட்டம் இருக்கிறது. ஆலையில் அந்த ரசாயனத்தோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு ஆபத்து வருமா என்று பார்க்க, அந்தச் சட்டம் விலங்குப் பரிசோதனை கேட்கலாம். சன்ஸ்க்ரீனில் சேர்க்கும் இரண்டு பொருள்களுக்கு அப்படிக் கேட்டார்கள். இரண்டும் அழகுசாதனத்துக்கு மட்டுமே பயன்படுபவை. ஜெர்மனியின் சிம்ரைஸ் நிறுவனம் எதிர்த்து வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் நிறுவனத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதாவது, ஒரு சட்டம் மூடிய கதவை இன்னொரு சட்டம் திறந்து விட்டது.

தொழிலாளியின் உடம்பும் முக்கியம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாட்டிலில் இருக்கும் முயலுக்கு இந்த வழக்கு எல்லாம் தெரியாது. அது சிரித்துக்கொண்டேதான் தாவும்.

எல்லா முயலும் ஒன்றல்ல

இன்னொரு குழப்பம், பச்சைப் புள்ளி. சோப்பிலும் ஷாம்பூவிலும் இருக்கும் பச்சைப் புள்ளியைப் பார்த்து 'விலங்குக்குத் தொல்லை இல்லாதது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது உள்ளே கலந்திருப்பது எதிலிருந்து வந்தது என்பதைப் பற்றியது. சோதனையைப் பற்றியது அல்ல. அதே மாதிரி, முயல் படம் உள்ள லிப்ஸ்டிக்கில் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு இருக்கலாம். சோதிக்காதது வேறு, சைவம் வேறு.

முயல் படங்களிலும் சாதி மூன்று. 'லீப்பிங் பன்னி' என்ற முத்திரை 1996-ல் விலங்கு நல அமைப்புகள் கூடி ஆரம்பித்தது. ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு மூலப்பொருள் வரை எதையும் விலங்கிடம் சோதித்திருக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கிறார்கள். வெளியாட்களைக் கொண்டு தணிக்கையும் உண்டு. பீட்டாவின் பட்டியல் பெரும்பாலும் நிறுவனம் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழியை வைத்து ஓடுகிறது. மூன்றாவது வகை, கம்பெனியின் டிசைனர் தானே வரைந்த முயல். அதற்குப் பின்னால் யாரும் இல்லை. கடையில் நிற்கும் ஒருவருக்கு மூன்றும் ஒரே முயலாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குச் சட்டப்படி விளக்கமே இல்லை என்று அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகமே சொல்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

நியாயமாக நிறுவனங்களின் பக்கமும் பார்க்க வேண்டும். இன்று புழக்கத்தில் உள்ள பழைய ரசாயனங்களில் பெரும்பாலானவை என்றோ ஒரு நாள், எங்கோ ஒரு கூண்டில் சோதிக்கப்பட்டவையே. அதை இனி எந்தக் கம்பெனியாலும் அழிக்க முடியாது. ஆகவே 'நூறு சதவீதம் பாவமில்லாத க்ரீம்' என்று ஒன்றை எதிர்பார்ப்பது சரியல்ல. கேட்க வேண்டியது பரிசுத்தத்தை அல்ல, விவரத்தை. எந்தத் தேதியிலிருந்து சோதிக்கவில்லை? மூலப்பொருளுக்கும் சேர்த்தா? எந்தெந்த நாட்டில் விற்கிறீர்கள்? யார் தணிக்கை செய்தார்கள்? இந்த நாலு வரியை எழுத ஒரு பாட்டிலில் இடம் போதாது என்றால், வெப்சைட்டில் தாராளமாக இடம் இருக்கிறது.

இதைக் கேட்பதற்கு இப்போது சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'இயற்கையானது', 'ஆர்கானிக்' போன்ற வார்த்தைகளோடு 'க்ரூயல்டி ஃப்ரீ'யும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் மொட்டையாக இந்த வார்த்தைகளைப் போடக் கூடாது என்கிறது அந்த நெறி. ஆதாரம் இல்லை என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடலாம்.

கேட்டால் மட்டும் நடந்து விடுமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2012-ல் அர்பன் டிகே என்ற அமெரிக்க மேக்கப் நிறுவனம் சீனாவில் விற்கப் போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் விடவில்லை. கேள்வி மேல் கேள்வி. சில வாரங்களில் அந்த முடிவையே நிறுவனம் கைவிட்டது. கோடிக்கணக்கான பேர் வாங்கும் சந்தையை, லிப்ஸ்டிக் வாங்குகிற சிலரின் கடிதம் தடுத்து நிறுத்தியது.

ஆகவே, அழகுசாதன நிறுவனங்களின் வார்த்தையை நம்பலாமா என்றால், அவர்கள் சொன்ன அளவுக்கு நம்பலாம். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து நம்பத் தேவையில்லை. இந்தியாவில் செய்து, விலை குறைவாக, முயல் படம் இல்லாமல் விற்கும் ஒரு பவுடர் டப்பாவை வாங்குவதற்கு எவரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. அந்த டப்பாவுக்கும் காவல் 2014-ன் விதிதான். முயலுக்காகக் கூடுதலாகக் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் மேலே சொன்ன அந்த நாலு கேள்வியை கம்பெனிக்கு ஒரு மெயிலில் தட்டி விடுங்கள். தேதியோடு, பெயரோடு பதில் வந்தால் காசுக்கு மதிப்பு உண்டு. "நாங்கள் விலங்குகளை நேசிக்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால்... கீழ்த் தட்டே போதும்.