25 வருட சர்வீஸ் தகுதிச் சான்று ஆகாது

கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடக்கனந்தலில் வரப்புத் தகராறு வந்தாலும் சரி, ஆடு காணாமல் போனாலும் சரி, கச்சிராயபாளையம் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறவரிடம் ஊர்ப் பெரியவர்கள் ஒன்றைத்தான் சொல்லியனுப்புவார்கள். "புதுசா வந்த எஸ்.ஐ.கிட்டப் போய் நிக்காத. பழைய ஏட்டய்யாவைப் பாரு. சர்வீஸ் போட்டவரு, எல்லாம் தெரியும்."

இந்தப் பேச்சுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. போலீஸ் வேலையை யாரும் வகுப்பில் கற்பதில்லை, ஸ்டேஷன்தான் பள்ளிக்கூடம், வருஷங்கள் கூடக்கூடத் திறமையும் தானாகக் கூடும் என்பதே அது. ஊர் மக்களிடம் உண்டு, போலீஸ்காரர்களிடம் இன்னும் அழுத்தமாக உண்டு. "டிரெய்னிங்ல சொன்னதையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு வா, இங்க வேலை வேற" என்பதுதான் புதுக் காவலருக்கு ஸ்டேஷனில் கிடைக்கும் முதல் பாடம். இந்த நம்பிக்கை தவறானது மட்டுமல்ல, ஆட்களைக் கொல்லக்கூடியது. நம் கல்வராயன் மலையின் மறுபக்கத்திலேயே அது ஓர் ஆளைக் கொன்றது.

2021 ஜூன் 22. கொரோனா ஊரடங்கு. சேலம் மாவட்டத்தில் மதுக்கடைகள் மூடியிருந்தன, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திறந்திருந்தன. சேலம் பக்கத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரி நண்பர்களோடு இந்தப் பக்கம் வந்து குடித்துவிட்டுத் திரும்பினார். பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். வாக்குவாதம் முற்றியது. பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் தடியால் அடித்தார். கூட வந்தவர்கள் எடுத்த காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. கெஞ்சிக்கொண்டிருந்த அந்த மனிதர் மறுநாள் இறந்துபோனார். அடித்தவர் கைது செய்யப்பட்டார்.

அடித்தவரின் பதவியைக் கவனியுங்கள். சிறப்பு உதவி ஆய்வாளர் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கிடைக்கும் பதவி இல்லை. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 10 ஆண்டில் முதல் நிலைக் காவலர், 15 ஆண்டில் தலைமைக் காவலர், 25 ஆண்டில் சிறப்பு எஸ்.ஐ. என்பதே தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்த கணக்கு. அனுபவம்தான் பயிற்சி என்றால், அந்தச் சாவடியில் அன்றைக்கு நின்றவரைவிடப் பயிற்சி பெற்றவர் அங்கே வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

லத்தியைப் பற்றிப் பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தருவது எளிய பாடம். கலைந்துபோக மறுக்கும் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க, எச்சரித்த பிறகு, தேவையான அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டிய கருவி அது. தலை, கழுத்து, நெஞ்சு ஆகியவற்றை விட்டுவிட்டுக் காலில்தான் அடிக்க வேண்டும். தனியாளைத் தண்டிக்க அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இந்தப் பாடத்தை 20 வயதில் ஒருமுறை கேட்டவர், பிறகு எத்தனை ஆண்டுகள் அதற்கு நேர்மாறானதையே செய்து பழகுகிறார்? தப்பு என்று யாரும் சொல்லாமல், யாரும் சோதிக்காமல், வருஷக் கணக்கில் செய்யும் ஒரு காரியம் கையில் ஊறிப்போய்விடுகிறது. அதைத்தான் நாம் அனுபவம் என்று மரியாதையாக அழைக்கிறோம்.

காவலராகச் சேர ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். பிறகு ஏறக்குறைய 7 மாத அடிப்படைப் பயிற்சி. அதோடு சரி. துறை ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுதுகிறவர்களை விட்டுவிட்டால், மற்றவர்கள் ஓய்வுபெறும் நாள் வரை "உனக்கு இந்த வேலை இன்னும் தெரிகிறதா?" என்ற கேள்வியைச் சந்திக்காமலேயே போய்விடலாம். ஆண்டுதோறும் துப்பாக்கி சுட அழைத்துப் போகிறார்கள், உண்மைதான். கவாத்து நடக்கிறது. அவ்வப்போது மாவட்டத்தில் வகுப்புகளும் நடக்கின்றன. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டால் வகுப்பு முடிந்தது. தேறாதவர் என்று ஒருவரை நிறுத்தி, தேறும்வரை லத்தியோ துப்பாக்கியோ கொடுக்காமல், புலனாய்வை ஒப்படைக்காமல் வைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

பெட்ரோல் டேங்கர் லாரி ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கான உரிமம் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க வேண்டுமென்றால் புத்தாக்கப் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 30 வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கும் அதே விதிதான், அதில் யாருக்கும் அவமானம் இல்லை. ஓர் ஆளைக் கைதுசெய்யவும் அடைத்துவைக்கவும் சுடவும் அதிகாரம் பெற்ற மனிதருக்கு அந்த அளவு விதிகூட வேண்டாம் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

அனுபவம் கண்ணைத் திறக்கும் என்கிறார்கள். மூடவும் செய்யும். கருணாபுரத்தைப் பாருங்கள். கல்வராயன் மலையில் ஊறல் பிடிப்பதில் இந்தப் பகுதிப் போலீஸுக்குத் தலைமுறை அனுபவம் உண்டு. கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறி, ஓடையோரம் பேரல் எங்கே புதைத்திருப்பார்கள், வெல்லம் எந்த வழியாகப் போகும், புகை எந்த நேரத்தில் எழும் என்பதெல்லாம் அத்துப்படி. ஊறலைக் கொட்டி அழித்தார்கள் என்ற செய்தி படத்தோடு வந்துகொண்டே இருக்கும். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள், கருணாபுரத்தில், சாவு வந்தது மலையிலிருந்து அல்ல. வெளியூரிலிருந்து கைமாறி வந்த தொழிற்சாலை மெத்தனால் அது. 65 பேருக்கு மேல் மாண்டார்கள்.

மெத்தனால் சாராயம் இல்லை, ரசாயனம். அது எங்கே தயாராகிறது, யாருக்கு உரிமம், டிரம் எப்படிக் கைமாறுகிறது, கணக்குப் புத்தகத்தில் எங்கே ஓட்டை விழும் என்று தேடுவது வேறு வித்தை. மலையில் பேரலை உருட்டிப் பழகிய அனுபவம் அதற்கு உதவாது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றிருந்தது. எச்சரிக்கைக்கும் சாவுக்கும் நடுவே 13 மாதம் இருந்தது. அந்த 13 மாதத்தில் இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு காவலரையும் உட்காரவைத்து, மெத்தனால் என்றால் என்ன, குடித்தவருக்குக் கண் மங்குவது ஏன், முதல் ஆள் வயிற்றுவலி என்று விழுந்ததும் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தந்து, புரிந்ததா என்று சோதித்திருக்க வேண்டும். அப்படிச் சோதிக்கும் வழக்கம் துறையில் இருந்திருந்தால் அந்தப் பயிற்சி நடந்திருக்கும்.

"பயிற்சி இல்லாமல் நடந்ததா அது? மாமூல் வாங்கினார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள்" என்று இங்கே யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போய், உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்கும் போனது. மாமூலைப் பயிற்சி ஒழிக்காது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மாமூல் எங்கே செழிக்கிறது என்று பாருங்கள். யாருக்கு என்ன தெரியும், யார் எதைச் செய்யத் தவறினார் என்று அளக்க முடியாத இடத்தில்தான். மெத்தனால் பற்றிப் பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, அது பதிவேட்டிலும் ஏறியிருந்தால், "எனக்குத் தெரியாது" என்ற பதிலை எந்த அதிகாரியும் விசாரணையில் சொல்ல முடியாது. அறியாமை நம் ஊரில் ஊழலுக்கு நல்ல மறைவிடமாக இருந்துவந்திருக்கிறது.

இன்னொரு மறுப்பும் வரும். அம்பாசமுத்திரத்தில் 2023இல் விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஐ.பி.எஸ். அதிகாரி ஆயிற்றே, அவருக்கு இல்லாத பயிற்சியா என்பார்கள். தொடக்கத்தில் ஒருமுறை கொடுக்கும் பயிற்சி, அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், போதாது என்பதற்கு அதுவே சாட்சி. தொடர்ந்து சோதிக்க வேண்டும், பதவி பார்க்காமல் சோதிக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

கருணாபுரத்தில் துக்க வீடுகள் கலைவதற்குள், 2024 ஜூலை 1 அன்று நாட்டின் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறின. பழைய ஏட்டய்யாவின் நாக்கு நுனியில் இருந்த எண்களெல்லாம் ஒரே இரவில் செல்லாமல் போயின. கொலைக்கு 302 போய் 103 வந்தது. மோசடிக்கு 420 போய் 318 வந்தது. 144 தடையுத்தரவு 163 ஆனது. எண்ணை மனப்பாடம் செய்துவிடலாம். வேலையே மாறியிருக்கிறது என்பதுதான் விஷயம். சோதனை போட்டாலும் பொருளைக் கைப்பற்றினாலும் அதை ஒலி ஒளிப் பதிவாக எடுக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும்.

கரியாலூர் ஸ்டேஷன் எல்லையில், செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஒரு மலைக் கிராமத்தில், கேன் சாராயத்தைப் பிடிக்கும் தலைமைக் காவலரை நினைத்துப் பாருங்கள். பதிவை எங்கிருந்து தொடங்கி எங்கே முடிக்க வேண்டும், யாருடைய போனில் எடுப்பது, மாஜிஸ்திரேட்டுக்கு எப்படி அனுப்புவது, நடுவே பதிவு அறுந்தால் என்ன எழுதுவது என்பதை அவருடைய 20 ஆண்டு அனுபவம் சொல்லித்தருமா? அந்த அனுபவம் நடந்த காலத்தில் இந்தச் சட்டமே இல்லை. அவர் தவறு செய்தால் சாராயம் விற்றவன் வெளியே வருவான். இல்லாவிட்டால் மலையாளிப் பழங்குடிச் சமூகத்துப் பையன் ஒருவன் ஏதும் செய்யாமல் உள்ளே போவான். இரண்டில் எது நடந்தாலும் சுமக்கப் போவது கீழே இறங்கி வந்து வக்கீல் வைக்க வசதியில்லாத மலை மக்கள்தான்.

இந்தச் சட்டங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லையா என்றால், எடுத்தார்கள். வகுப்பு எடுத்த எண்ணிக்கை கிடைக்கும். தேறியவர் எண்ணிக்கைதான் கிடைக்காது. காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கை இந்தியாவின் பல மாநிலங்களைப் பார்த்தது. பணியிடைப் பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுக்குச் சராசரியாகப் படையில் 6.4 விழுக்காடுதான் என்றது. அதிலும் அதிகாரிகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு காவலர்களுக்குக் கிடைப்பதில்லை. அதே ஆய்வில் காவலர்களிடம் கேட்டபோது, சிறு குற்றங்களுக்கு நீதிமன்றம் எதற்கு, போலீஸே சின்னத் தண்டனை கொடுத்துவிடலாம் என்று 37 விழுக்காட்டினர் சொன்னார்கள். பாப்பநாயக்கன்பட்டிச் சாவடி இந்த மனநிலையிலிருந்து எவ்வளவு தூரம்?

இதற்கெல்லாம் காவலர்கள் மேல் மட்டும் கோபப்பட எனக்கு மனமில்லை. கனியாமூரில் 2022 ஜூலை 17 அன்று என்ன நடந்தது? அங்குள்ள தனியார் பள்ளி மாணவி ஒருவர் இறந்தது 13ஆம் தேதி. நான்கு நாட்கள் வாட்ஸ்அப்பில் கொதித்துக்கொண்டிருந்த கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்தன. கல்லடியில் டி.ஐ.ஜி. முதல் காவலர் வரை காயம்பட்டவர்கள் பலர். கூட்டம் சேரும் முன்பே அதன் போக்கைப் படிக்கவும், சேர்ந்த பிறகு உயிர்ச்சேதம் இல்லாமல் பின்வாங்கி வளைக்கவும் பழக்கப்படாத படையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அந்தக் காவலர்களுக்கும்தான் துரோகம் செய்தார்கள். பயிற்சி என்பது காவலரின் உயிரையும் காக்கும் உரிமை. அதை அவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரிந்ததே: ஆள் இல்லை. திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகை பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, பாரா, எல்லாம் போக ஸ்டேஷனில் மிஞ்சுகிற நாலு பேரில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் கேஸ் கட்டு எழுத ரைட்டர்கூட இருக்க மாட்டார். வாரம் ஒரு நாள் விடுப்புக்கு 2021இல் அரசாணை வந்தது. அந்த விடுப்பே பல ஸ்டேஷன்களில் பந்தோபஸ்துக்குள் கரைகிறது. இந்த நெருக்கடி நிஜம். அதனால்தான் பயிற்சியை நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்ற நிலையில் விடக் கூடாது என்கிறேன். படையின் ஒரு பகுதி எப்போதும் பயிற்சியில் இருக்கும் என்று கணக்கிட்டே ஆளெடுக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் வந்தால் தண்டனை என்று அதிகாரிகள் நினைக்கும் நிலை மாற, மிகச் சிறந்தவர்களை அங்கே அனுப்பி, கூடுதல் ஊதியமும் தர வேண்டும். காவலர் பயிற்சியை ஆராயக் கோரே குழுவை மத்திய அரசு அமைத்தது 1971இல். அரை நூற்றாண்டு தாண்டியும் இதையே எழுத வேண்டியிருக்கிறது. நார்வேயில் காவலராக மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு வேண்டும். நம் 7 மாதத்தை நாளைக்கே மூன்று ஆண்டாக்கச் சொல்லவில்லை. அந்த 7 மாதத்தோடு கதவைச் சாத்தாதீர்கள் என்கிறேன்.

என்ன சோதிப்பது? பெரிய பாடத்திட்டம் தேவையில்லை. கைதுக் குறிப்பில் யாரெல்லாம் கையெழுத்திட வேண்டும், காவலில் இருப்பவருக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை? டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை: 48 மணி நேரம். இந்த ஒரு கேள்வியை மாநிலத்தின் எல்லா ஸ்டேஷன்களிலும் கேட்டுப் பாருங்கள். மயங்கி விழுந்தவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்கத் தெரியுமா? பாம்பு கடித்தவரை மலையிலிருந்து இறக்கும்போது என்ன செய்யக் கூடாது? குடித்துவிட்டுக் கத்துகிறவரைக் கை வைக்காமல் எப்படி அமைதிப்படுத்துவது? ஆண்டுக்கு ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். தேறாதவரைத் தண்டிக்க வேண்டாம், சம்பளத்தில் கை வைக்க வேண்டாம், காலக் கணக்கில் வரும் பதவி உயர்வும் வரட்டும், அது அவர்கள் உழைப்புக்கு உரியது. தேறும்வரை லத்தியும் துப்பாக்கியும் புலன்விசாரணையும் மட்டும் அவரிடம் வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டும் சட்டப்பேரவையில் காவல் துறை மானியக் கோரிக்கை வருகிறது. எத்தனை புது ஸ்டேஷன், எத்தனை வாகனம், எத்தனை குடியிருப்பு என்று பட்டியல் வாசிப்பார்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம், உளுந்தூர்பேட்டை ஆகிய நான்கு தொகுதிகளின் உறுப்பினர்களும் எழுந்து ஒரே ஒரு கணக்கைக் கேட்கட்டும்: இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும், போன ஆண்டு சோதிக்கப்பட்டுத் தேறியவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையை ஸ்டேஷன் வாசலில் எழுதி வைக்க உத்தரவிடுவீர்களா?