தொண்டை வலிக்கு ஒரு மாநாடு, காரைக்குடியில்!

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயரைக் கேட்டதும் "நமக்கெதுக்குங்க இது?" என்று ஓடிவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் தொண்டை வலிக்கு இந்தக் கிருமியும் ஒரு காரணம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதய வால்வே கெட்டுப்போகும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படையே இதயத்தைத் தாக்குவதுதான் கொடுமை.

இந்தக் கிருமியிடமிருந்து எடுத்த மரபணுக் கத்தரிக்கோலுக்கு (கிரிஸ்பர்) 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொண்டையைத் தாக்கும் இந்த 'ஏ' பிரிவுக் கிருமிக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை! இது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் நோய் என்பதாலோ என்னவோ.

இந்தக் கிருமிகளை வகை பிரித்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டின் பெயரால் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடக்கிறது. 2017-ல் ஃபிஜியில் கூடினார்கள். 2022-ல் ஸ்டாக்ஹோமில். என்னைக் கேட்டால், அது ஒருமுறை காரைக்குடிக்கு வர வேண்டும்.

பேராசை இல்லை, காரணம் இருக்கிறது. இந்தக் கிருமியின் மேலுறையில் இருக்கும் எம் புரதத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள். பணக்கார நாடுகளில் சில வகைகளே அதிகம். நம் பக்கம் பலவும் கலந்து கிடக்கின்றன. அவர்கள் ஊர்க் கிருமியைப் பார்த்துச் செய்யும் தடுப்பூசி நம் பிள்ளைக்குப் பொருந்துமா? நம் ஊர்க் கிருமியைப் பற்றியும் அந்த அரங்கில் பேசினால்தானே தெரியும்!

காரைக்குடிக்குத் தகுதி இல்லையா என்ன? அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-லேயே அடிக்கல் நாட்டிய ஊர் இது. பவளப்பாறைகளோடு வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் படலம் கட்டுவதைத் தடுக்கலாம் என்று அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

"மாநாட்டுக்குச் செலவழிக்கும் காசில் ஊசி வாங்கலாமே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பென்சிலின் இன்றும் இந்தக் கிருமியைக் கொல்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருடம் விடாமல் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து. மரபணு தெரியாவிட்டாலும் இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

அதனால் ஒரு நிபந்தனை. மாநாட்டில் ஒரு முழு நாள், தமிழில், பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் ஒதுக்க வேண்டும். அது இல்லாத மாநாடு எங்கே நடந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?