ஒலிக்கும் ஸனது உண்டு



இசைத்தட்டுகள் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. பழைய பதிவுகள் புதிதாக அச்சாகும்போது, முதற்பதிப்புச் சிறந்ததா, மறுபதிப்புச் சிறந்ததா என்னும் வினா எழுகிறது. பழையதே அசல் என்பர் சிலர்; இரைச்சல் நீங்கிய புதியதே தெளிவு என்பர் வேறு சிலர். இரு சாராரும் தட்டின் வயதையே பார்க்கின்றனர். ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்ததோ வேறு: செய்தி எவர் வழியாக வந்தது என்று முதலில் கேட்பது. ஒலிக்கும் அதுவே அளவுகோல் என்பது நம் கருத்து.

இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபா (1925–2015) அவர்களின் பாடல்களை எடுத்துக்கொள்வோம். இசைக்கருவி பற்றிய ஃபிக்ஹு விவாதத்தை இங்கு நாம் தொடவில்லை. குரலைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அக்காலத்து அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். பக்கத்திற்கு மூன்று நிமிடம் சொச்சமே அடங்கும். கனத்த ஊசி ஓடி ஓடி வரிப்பள்ளம் தேய்ந்திருந்தால், முதற்பதிப்பேயாயினும் அது நேர்மையான, ஆனால் நினைவாற்றல் குன்றிய அறிவிப்பாளரைப் போன்றது. மூல ஒலிநாடாவிலிருந்து நேரே எடுத்த மறுபதிப்பு அதனினும் நம்பத்தக்கது. நகலின் நகலிலிருந்து எடுத்ததோ, அட்டை எவ்வளவு அழகாயினும், ஸனது பலவீனமானதே.

இரைச்சலை நீக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஊசியின் கீறல் ஒலி பெரும்பாலும் மேல் அதிர்வுகளில் உள்ளது. 'ஸா', 'ஸீன்' ஆகிய எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லொலியும் அங்கேதான் உள்ளது. ஒன்றை அளவின்றி வெட்டினால் மற்றதும் போய்விடும். எதிரொலி கூட்டினால் வக்ஃபு செய்யும் இடம் மங்கும்.

ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ அவர்கள் ஓதிய முழுக் குர்ஆன் 1961-இல் எகிப்தில் ஒலித்தட்டுகளாக வெளிவந்தது. ஓதும் முறை பிழையின்றிப் பரவவேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்தகைய பதிவை எதிரொலி சேர்த்து 'இனிமை'யாக்கி வெளியிடுவது அந்நோக்கத்திற்கே மாறானது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் கேட்டு ஓதுவது பெரும்பாலும் இத்தகைய நகல்களையே. உஸ்தாதின் வாயிலிருந்து கற்பதற்கு எந்த ஒலிப்பதிவும் ஈடன்று. கேட்பதாயின் மாசுபடாததைக் கேட்கட்டும்.

நம் அன்னவாசலை அடுத்த குடுமியான்மலையில், 7-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு உள்ளது. சுரங்கள் கல்லில் நிலைத்தன. பாடிய குரல் நிலைக்கவில்லை. குரலையும் காக்கும் வாய்ப்பு நம் காலத்திற்கே கிட்டியது.

ஆகவே, பரண்மேல் கிடக்கும் பழைய தட்டுகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நிமிர்த்தி வையுங்கள். தேய்ந்த ஊசியை மாற்றியபின், எந்த அலங்காரமும் சேர்க்காமல் ஒருமுறை பதிந்துகொள்ளுங்கள். மறுபதிப்பை வாங்குமுன், எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

செவியும் அல்லாஹ் அளித்த அமானிதமே. அதைப் பேணும் நல்லருளை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.